டிவிக்கு நெற்றி எது

மருதாளுக்குக் காத்திருப்பது பிடிக்காது. ஆனால் பாருங்கள், அவள் காலத்தில் பாதி யாராவது வருவார்கள் என்று காத்திருப்பதிலேயே கழிந்திருந்தது.

பனியன் கம்பெனியில் அவள் ஓவர்லாக் டெய்லர். மெஷின் மக்கர் பண்ணினால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். மெக்கானிக் டீக்கடையிலிருந்து கிளம்பி வந்து சேர்வதற்குள் தைக்க வேண்டிய பீஸ் பக்கத்தில் இடுப்பளவு குவிந்துவிடும். மருதாள் அப்படி உட்கார மாட்டாள். மேலே இருக்கும் நூல் கோனில் தொடங்கி, நூல் போகிற வழியை விரலால் தொட்டுக்கொண்டே கீழே வருவாள். கொக்கி, கம்பி, தட்டு, கடைசியில் ஊசிக் காது. வழியில் எங்காவது பஞ்சு அடைத்திருக்கும், இல்லாவிட்டால் நூல் ஒரு கொக்கியைத் தவறவிட்டிருக்கும். ஊதிவிட்டு, மாட்டிவிட்டு, மிதிப்பாள். மெஷின் ஓடும். நூல் போகிற வழியைப் பார்த்தால் நோவு தெரிந்துவிடும் என்பதுதான் அவளுடைய மொத்த மெக்கானிக் படிப்பு.

வீட்டில் மட்டும் இந்தப் படிப்பு செல்லுபடியாகாது. வீட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மெக்கானிக் இருந்தார். அவர் வேல்குமார், அவள் கணவரின் தம்பி.

சென்னிமலைப் பக்கத்து நெசவுக் குடும்பம் அது. தறியை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்து அண்ணனும் தம்பியும் பனியன் தொழிலில் கால் ஊன்றினார்கள். அண்ணன் சென்னியப்பன் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் கிருத்திகாவுக்கு அப்போதுதான் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. தம்பி தொழிலில் பிழைத்துக்கொண்டார், சின்னதாக ஒரு யூனிட் போட்டு முதலாளியும் ஆனார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். அண்ணி வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை என்றாலும் "நீங்க சும்மா இருங்க அண்ணி, நான் ஆள் அனுப்பறேன்" என்பார். ஆளும் வரும். எப்போது வரும் என்பது அந்தச் சென்னிமலை முருகனுக்கும் தெரியாது. ஒருமுறை மிக்ஸிக்கு ஆள் வந்து சேர்வதற்குள் அம்மியில் அரைத்து அரைத்து மருதாளுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆண் இல்லாத வீட்டுக்கு அவர்தான் ஆண் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருந்தது.

டிவியும் அப்படித்தான். டிவி இருந்தது அடுத்த தெருவில், சித்தப்பா வீட்டில். கிருத்திகா சாயங்காலம் அங்கே போய்ப் பார்ப்பாள். விருந்தாளிகள் வந்தால் சித்தி "கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு" என்பாள். இன்னும் இரண்டு பேர் வந்தால் இன்னும் கொஞ்சம். தள்ளித் தள்ளிப் பெண் வாசற்படிக்கே வந்துவிடுவாள். ஒருநாள் பாதியிலேயே திரும்பி வந்து, கரண்ட் போய்விட்டது என்றாள். மருதாள் எட்டிப் பார்த்தாள். அடுத்த தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டை எடுத்து வைத்து மகளுக்குச் சோறு போட்டாள்.

இந்த நேரத்தில்தான் சர்க்கார் ரேஷன் கார்டுக்கு ஒன்று என்று கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வரிசை கட்டி நின்று மருதாளும் வாங்கினாள். குடும்பத் தலைவி என்று கார்டில் அவள் பெயர்தான் இருந்தது. அந்தப் பெயரை மைக்கில் படித்துக் கூப்பிட்டபோது, இதற்காகவே இன்னொரு முறை வரிசையில் நிற்கலாம் போல அவளுக்கு இருந்தது.

பெட்டி வீட்டுக்கு வந்தது. பிரிக்க வேண்டாம், ஆள் அனுப்புகிறேன் என்றார் வேல்குமார். பெட்டி மூலையில் உட்கார்ந்தது. சில நாளில் அதன் மேல் ஒரு துணி விரித்தார்கள். பிறகு அது மேஜை ஆயிற்று. கிருத்திகா அதன் மேல் வைத்துத்தான் பதினொன்றாம் வகுப்புப் பாடமெல்லாம் எழுதினாள். உலகத்திலேயே டிவி மேல் புத்தகம் வைத்துப் படித்து முன்னேறியவள் அவளாகத்தான் இருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வேல்குமார் வந்து, மேஜையாகிவிட்ட பெட்டியைப் பார்த்தார். அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

"சும்மா கெடக்கறதுக்கு, எங்க கம்பெனி ஆபீஸ்ல வெச்சுக்கறனுங்க அண்ணி. நீங்க எப்பவும் போல எங்கூட்டுக்கு வந்து பாருங்க. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் டெம்போ கொண்டாரேன்."

கிருத்திகா எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவள் தலை நிமிரவில்லை. மருதாள் மகளையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அதுக்குள்ள படம் வந்துருச்சுன்னா, இங்கயே இருக்கட்டுங்களா தம்பி?"

வேல்குமார் சிரித்துவிட்டார். யார் மாட்டுவது என்று கேட்டார். நான்தான் என்றாள் மருதாள். அவர் இன்னும் பலமாகச் சிரித்து, படம் வந்தால் தாராளமாக இருக்கட்டும், எனக்கென்ன வந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் தெரு முனை தாண்டியதும், மருதாள் பெட்டியருகே வந்து நின்றாள். சொல்லியாகிவிட்டது, இனி மாட்டித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள். தெர்மாகோல் துணுக்குகள் வீடெல்லாம் பறந்து, ஒன்று சாம்பார்ச் சட்டியிலும் போய் விழுந்தது. தையல் மெஷின் மேஜை மேல் டிவியைத் தூக்கி வைத்தார்கள். பக்கத்திலிருந்து பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள். இன்னும் கண் திறக்காத பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பாசம் வந்துவிட்டது.

அடுத்தது கேபிள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கேபிள் ஒயர் ஜன்னல் மேலே சுருண்டு தொங்கியது. கேபிள்காரரை சனிக்கிழமையே தெருவில் மடக்கிப் பேசிவிட்டிருந்தாள். கம்பத்தில் லைன் கொடுத்துவிட்டேன், முனையில் பின் மட்டும் போட வேண்டும், பையன் செவ்வாய்க்கிழமை வருவான் என்றார் அவர். இன்னொரு பையனுக்காகக் காத்திருக்க மருதாள் தயாராக இல்லை. பின்னை அவளே கடையில் வாங்கி வந்தாள். நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒயரின் தோலைச் சுற்றிலும் கீறி உரித்தாள். கறுப்புத் தோலுக்குள் மெல்லிய கம்பியில் பின்னிய வலை, அதற்குள் வெள்ளைத் தோல், அதற்கும் உள்ளே ஒற்றைச் செம்புக் கம்பி. அந்த வலையை விரலால் இழுத்துப் பார்த்து, பின்னல் நன்றாக இருக்கிறது, பாஸ் பண்ணலாம் என்று மகளிடம் சொன்னாள். பின்னை மாட்டி, டிவியின் முதுகில் செருகி, கம்பத்திலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சுவர், சுவரிலிருந்து டிவி என்று ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். எங்கேயும் தடை இல்லை.

இனி சுவிட்சைத் தட்ட வேண்டியதுதான். ஆனால் புதுச் சாமானுக்குப் பூஜை போடாமல் சுவிட்ச் தட்டுவதா? ஆயுத பூஜையன்று கத்தரிக்கோலுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும்கூடப் பொட்டு வைக்கிற ஊர் இது. சந்தனத்தைக் குழைத்தாள், குங்குமத்தை எடுத்தாள், சூடத்தையும் எடுத்து வைத்தாள். பிறகு தன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளைக் கூப்பிட்டாள்.

ஏன் என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். சென்னியப்பன் போன நாளிலிருந்து மருதாள் பொட்டு வைப்பதில்லை. தனக்கும் இல்லை, வேறு எதற்கும் இல்லை. கம்பெனியில் அவள் ஓட்டுகிற மெஷினுக்கே ஆயுத பூஜையன்று வேறொருத்திதான் வைப்பாள். இவள் சுவர் ஓரமாக நின்று சுண்டலை வாங்கிக்கொள்வாள். இப்படிச் செய் என்று யாரும் வந்து மிரட்டவில்லை. பழகிப்போய்விட்டது.

பாண்டியம்மாள் உசிலம்பட்டிப் பக்கம். புருஷனும் பெண்டாட்டியும் பனியன் வேலைக்கு வந்து இந்த லைன் வீட்டில் குடியேறியவர்கள். கூப்பிட்ட குரலுக்கு முகம் கழுவி, தலையில் பூ வைத்து, கல்யாணத்துக்கு வருவது போல வந்து நின்றாள். சந்தனத்தைக் கையில் எடுத்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அக்கா, டிவிக்கு நெத்தி எதுக்கா?"

மூன்று பேரும் கூடி யோசித்தார்கள். தலையில் வைக்கலாம் என்றால், தலை சூடாகும், சந்தனம் உருகி உள்ளே இறங்கிவிடும் என்றாள் கிருத்திகா. கண்ணாடியில் வைத்தால் படம் பார்க்கும்போதெல்லாம் எல்லாருக்கும் பொட்டு வைத்த மாதிரியே தெரியும். பாண்டியம்மாள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழே, சரியாக நடுவில், கட்டை விரல் நகம் அளவுக்குக் கருஞ்சிவப்பாக, பளபளவென்று ஓர் இடம் இருந்தது. பொட்டுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. மூன்று பேருக்கும் திருப்தி. அந்த இடத்தில் சந்தனத்தை அப்பி, அதன் மேல் தாராளமாகக் குங்குமம் வைத்தாள் பாண்டியம்மாள். பாண்டியம்மாளுக்குக் கை கொஞ்சம் பெரிது. எதையும் குறைவாகச் செய்து பழக்கமில்லை.

சூடம் காட்டி, சுவிட்சைத் தட்டினார்கள். டிவிக்கு உயிர் வந்தது. புஸ்ஸென்று இரைச்சலோடு திரை முழுக்க எறும்பு ஓடியது. அது சரிதான், ரிமோட்டில் மெனுவை அமுக்கித் தேடச் சொன்னால் சேனல் எல்லாம் தானாக வந்து உட்காரும் என்று கூடவே வந்த புத்தகத்தைப் படித்துச் சொன்னாள் கிருத்திகா. அமுக்கினாள். எறும்பு ஓடியது. மறுபடியும் அமுக்கினாள். எறும்புகள் அவர்களைச் சட்டையே செய்யவில்லை. டிவியின் மேலிருந்த பொத்தான்கள் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தன, நம்பரை மாற்றின. எந்த நம்பருக்குப் போனாலும் அதே எறும்புதான். தேடு என்று சொல்கிற அதிகாரம் ரிமோட்டிடம் மட்டும் இருந்தது, அந்த ரிமோட் வாயைத் திறக்கவில்லை.

பேட்டரியைத் திருப்பிப் போட்டார்கள். கழற்றித் துடைத்துப் போட்டார்கள். மருதாள் அந்தப் பேட்டரியை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பார்த்தாள். கடிகாரம் ஜோராக ஓடியது. அப்படியானால் பேட்டரியில் பழுதில்லை. மறுபடி ஒருமுறை ஒயரைக் கம்பம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பின்னைக் கழற்றி மாட்டினாள். மதியச் சோறு ஆறிப்போனது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதில் நூலும் இல்லை, கோனும் இல்லை. எங்கே தொடங்கி எங்கே பார்ப்பது? வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுடைய மெக்கானிக் படிப்பு அவளைக் கைவிட்டது. கிருத்திகா, பரவாயில்லம்மா என்று மட்டும் சொன்னாள். அந்தப் பரவாயில்லைதான் மருதாளைப் பாடாய்ப் படுத்தியது.

சொன்ன நேரத்துக்கு வேல்குமார் டெம்போவோடு வந்தார். ஆள் அனுப்பினால் நாள் கணக்கில் வராது. எடுத்துப் போக வேண்டும் என்றால் மட்டும் டெம்போ டாணென்று வந்துவிடுகிறது. அவர் ரிமோட்டை வாங்கி, எல்லா ஆண்களும் செய்வது போல உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி அமுக்கினார். எறும்புதான். ஓசியில் கொடுத்தது அப்படித்தான் இருக்கும், ரிமோட்டே டம்மி, என் ஆளிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இதில் அண்ணி வருத்தப்பட ஒன்றுமில்லை என்றும் ஆறுதல் சொன்னார். அவருடைய குரலில் ஏளனம் துளியும் இல்லை. அதுதான் மருதாளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ஒரு டீ குடிச்சுப் போட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று அடுப்படிக்குப் போனாள். பால் பொங்குகிற வரைக்கும் டிவி அவள் வீட்டு டிவி. அவ்வளவு நேரமாவது கிடைக்குமே.

வேல்குமார் பாயில் உட்கார்ந்து, விடாமல் ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தார். கிருத்திகா டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று நகர்ந்துகொண்டாள்.

"நான் மறைக்கறனுங்களா சித்தப்பா? உங்கூட்டுல நான் முன்னால உக்காந்தா ரிமோட்டு வேலை செய்யாதுங்களே. சித்தி அதுக்குத்தான் தள்ளி உக்காரச் சொல்லுவாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே வேல்குமாருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அடுப்படியில் மருதாள் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. மறைத்தால் வேலை செய்யாதா? அப்படியென்றால் ரிமோட்டிலிருந்து ஏதோ ஒன்று நேராகப் போகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். போகிறது என்றால் போய் எங்கேயாவது நுழைய வேண்டும். நூல் இருந்தால் ஊசிக் காது இருந்துதானே ஆக வேண்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வேல்குமார் முன்னாலிருந்த ரிமோட்டின் மூக்கில் ஒரு விரலை வைத்தாள். அங்கிருந்து அந்தரத்தில், இல்லாத நூலைத் தொட்டுக்கொண்டே மெதுவாக டிவியை நோக்கி நடந்தாள். வேல்குமாரும், வாசலில் நின்ற டெம்போ டிரைவரும், டீ வாசனைக்கு எட்டிப் பார்த்த பாண்டியம்மாளும், இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். விரல் டிவியை அடைந்தது. கண்ணாடி இல்லை. பொத்தான் இல்லை. கீழே, நடுவில், கருஞ்சிவப்பாகப் பளபளத்த ஒரே இடம். அதன் மேல் பாண்டியம்மாள் கையளவுக்குச் சந்தனமும் குங்குமமும்.

மருதாளுக்குச் சிரிப்பு வந்தது. நாம் வைத்தது நெற்றியில் இல்லை, கண்ணில் என்றாள். பாண்டியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

துடைத்துவிடலாம் என்று மருதாள் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. பாண்டியம்மாளும் பதறிப்போய், வைத்த பொட்டை அழிக்கலாமா அக்கா, நல்லாவா இருக்கும் என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மருதாளுக்கு அந்தப் பழைய நாள் நெஞ்சில் வந்து நின்றுவிட்டது. அன்றைக்கும் சுற்றிலும் நல்ல பெண்கள்தான் இருந்தார்கள். நாலைந்து கைகள் வந்தன, ஈரத்துணி வந்தது, அழித்துவிட்டார்கள். அவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அந்த ஈரத்துணியின் குளிர்ச்சி இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு மறக்கவில்லை. இன்னொரு நெற்றியிலிருந்து, அது டிவியின் நெற்றியே ஆனாலும், பொட்டை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாண்டியம்மாளைக் கூப்பிட்டு நீயே எடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அழிக்கல அம்மிணி" என்றாள் பாண்டியம்மாளிடம். "தள்ளி வெக்கறேன்."

ஒற்றை விரலால் சந்தனத்தை அடியோடு வழித்தெடுத்தாள். டிவியின் வலது ஓரத்தில், எதற்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து, வட்டமாக, அழகாக வைத்தாள். அதன் மேல் குங்குமத்தையும் ஒட்டினாள். முந்தானை முனையால் அந்தக் கறுத்த கண்ணை, குழந்தைக்குக் கண் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டாள். நிமிர்ந்தபோது வேர்வை வழிந்தது. அதே கையால் நெற்றியை வழித்துவிட்டுக்கொண்டு மகளைப் பார்த்து, அமுக்கு கண்ணு என்றாள்.

கிருத்திகா அமுக்கினாள். திரை நீலமாயிற்று. ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. எறும்புகள் போய், அந்த இடத்தில் ஒரு பெண் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெண்டைக்காய் நல்ல பச்சை. பிறகு செய்தி, பிறகு கிரிக்கெட், பிறகு புரியாத மொழியில் யாரோ அழுதார்கள். பாண்டியம்மாள் அந்த அழுகையைப் பார்த்தே கைகொட்டிச் சிரித்தாள். கிருத்திகா டிவிக்கு நேர் முன்னால், வீட்டின் நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தள்ளி உட்காரச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மருதாள் போய் அணைத்த அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.

டீ வந்தது. வேல்குமார் டம்ளரை வாங்கும்போது அண்ணியின் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். கிரிக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்கூட்டு மிக்ஸி ஒரு வாரமா ஓடறதில்லீங்க அண்ணி. ஒருக்கா வந்து பாக்கறீங்களா?"

ஆள் அனுப்பட்டுமா என்று கேட்க மருதாளுக்கு நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு, வருகிறேன் தம்பி என்றாள். வெறும் டெம்போ தடதடவென்று போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் போன பிறகு அம்மாவும் மகளும் பாயில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பூரில் அந்த வருஷம் எதற்கு முறை உண்டோ இல்லையோ, கரண்ட் போவதற்கு முறை உண்டு. சரியான கட்டத்தில் போய்விட்டது. இந்தத் தடவை தெரு முழுக்க நிஜமாகவே இருட்டு. கிருத்திகா மெழுகுவர்த்தியை ஏற்றி மேஜை ஓரத்தில் வைத்தாள். கறுத்துப்போன டிவிக் கண்ணாடியில் மருதாளின் முகம் தெரிந்தது.

நெற்றியில் ஒரு தீற்றல் இருந்தது. சந்தனமும் குங்குமமும் கலந்து, புருவத்துக்கு மேலே பளிச்சென்று இருந்தது. வேர்வையைத் துடைத்த கை செய்த வேலை. இதோடுதான் டீ போட்டிருக்கிறாள், இதோடுதான் வாசல் வரை போய்க் கொழுந்தனை அனுப்பி வைத்திருக்கிறாள். பாண்டியம்மாள் பார்த்திருக்கிறாள், அந்த டிரைவர்கூடப் பார்த்திருக்கிறான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏங்கண்ணு, நீயாச்சும் சொல்றதில்லியா?" என்றாள் மருதாள்.

"சொன்னா அழிச்சுப் போடுவீங்கம்மா" என்றாள் கிருத்திகா.

மருதாள் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். கை ஒருதரம் நெற்றி வரை போனது. தீற்றலின் ஓரத்தை விரலால் ஒதுக்கி, கொஞ்சம் வட்டமாகத் திருத்திவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். பிறகு கரண்ட் வந்தது.